உடல் என்னும் சாட்சி

மனிதனின் கைவிரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்குக் கீழே, முன்கையிலே இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, பெருவிரல் ஒழிந்த ஒவ்வொரு விரலுக்கும் இரண்டிரண்டாகச் செல்கின்றன. மேலே கிடக்கும் நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, அடியிற் கிடக்கும் நாண் அப்பிளவினூடே புகுந்து விரல் நுனியை அடைகிறது. தேர்ந்த நெசவாளனும் இதனினும் செட்டாக இழை கோக்க மாட்டான். பொட்டல் வெளியிலே கிடக்கும் ஒரு கடிகாரம் தன்னைச் செய்த தொழிலாளியை நினைவூட்டுவது போல, இத்தகைய அமைப்புகள் ஒரு படைப்பாளியைக் காட்டவில்லையா என்று இங்கிலாந்தின் குருவானவர் வில்லியம் பேலி 1802இல் வெளியிட்ட ‘இயற்கை இறையியல்’ என்னும் நூலிற் கேட்டார். தசைகள் முன்கையிலன்றி விரல்களிலேயே இருந்திருப்பின் கை எவ்வளவு பருத்துப் பயனற்றதாகியிருக்கும் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார்.

இவ்வாதம் பேலியோடு பிறந்ததன்று. கருவிலே தன்னை உருவாக்கியவரைத் துதிக்கும் 139ஆம் சங்கீதத்தைக் கிறிஸ்தவ உலகம் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்தது. கிறிஸ்தவரல்லாத கிரேக்க வைத்தியர் கேலன், இரண்டாம் நூற்றாண்டில், உறுப்புகளின் பயன் குறித்து 17 பாகங்களில் எழுதிய நூலைக் கையிலிருந்தே தொடங்கினார். இதனை வெறும் மூடநம்பிக்கையென ஒதுக்கிவிட நாம் உடன்படோம். நாளங்களிலுள்ள கதவு போன்ற சவ்வுகள் குருதியை இதயத்தை நோக்கி மட்டுமே செல்லவிடுகின்றன. இத்தனை கதவுகள் காரணமின்றி வைக்கப்பட்டிரா என்ற எண்ணமே வில்லியம் ஹார்வியைக் குருதிச் சுற்றோட்டத்தின் உண்மைக்கு இட்டுச் சென்றதென்று ரொபேர்ட் பொயில் எழுதி வைத்திருக்கிறார். ஹார்வியின் நூல் 1628இல் வெளிவந்தது. நோக்கத்தைத் தேடிய கண் உண்மையையும் கண்டதுண்டு.

1829இல் இறந்த பிரிட்ஜ்வாட்டர் பிரபு, சிருஷ்டியிலே துலங்கும் தேவனின் வல்லமையையும் ஞானத்தையும் நன்மையையும் விளக்கும் நூல்களுக்கென 8,000 பவுண் எழுதி வைத்தார். அப்பணத்தில் எழுந்த எட்டு நூல்களுள் ஒன்று, 1833இல் வந்த சேர் சார்ள்ஸ் பெல்லின் நூல். அது முழுவதும் கையைப் பற்றியது. பெல் ஏட்டறிவோடு நின்றவரல்லர். 1815இல் வாட்டர்லூப் போர் முடிந்ததும் பிரசல்சுக்கு விரைந்து காயமுற்ற போர்வீரருக்குச் சத்திரசிகிச்சை செய்தவர். சிதைந்த அவர்தம் உடல்களைச் சித்திரமாகவும் தீட்டியவர். வௌவாலின் சிறகையும் திமிங்கிலத்தின் துடுப்பையும் மனிதக் கையோடு ஒப்பிட்டு, ஒரே எலும்புத் திட்டம் வெவ்வேறு வாழ்வுக்கு ஏற்பப் பொருந்தி நிற்பதை அவர் காட்டினார். 1859இல் டார்வின் எடுத்துக்கொண்டதும் இத்தகைய எலும்புகளையே. அவர் அவற்றிற் பொதுவான மூதாதையைக் கண்டார். அந்த வழக்குப் பலரும் அறிந்தது. பலரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு: சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்ட அந்த உடல் யாருடையது?

கையின் நாண்களை அறிய ஒரு கையை அறுத்தாக வேண்டும். 1752ஆம் ஆண்டுச் சட்டம் தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடலை வைத்தியரிடம் ஒப்படைக்க வழிசெய்தது; அறுக்கப்படுவதை இழிவு கூட்டும் தண்டனையாகவே அச்சட்டம் கருதிற்று. ஆயின், பெருகி வந்த உடற்கூற்றுப் பள்ளிகளுக்கு அது போதவில்லை. இரவோடிரவாகப் புதைகுழிகள் தோண்டப்பட்டன. பிணம் எவருக்கும் சொத்தன்று என்பது சட்டம், ஆடையோ சொத்து. ஆதலால் திருடர் ஆடையைக் குழியிலேயே விட்டுவிட்டு உடலை மட்டும் கொண்டு சென்றனர். மக்கள் அவர்களுக்கு ‘உயிர்த்தெழுப்புவோர்’ என்று பெயரிட்டனர். அக்கசப்பான நகைச்சுவையை விளக்க வேண்டியதில்லை. 1828இல் எடின்பரோவில் பேர்க், ஹெயர் என்ற இருவர் குழி தோண்டும் சிரமத்தையும் ஒழித்தனர். 16 பேரைக் கொன்று உடற்கூற்றாசிரியர் ஒருவருக்கு விற்றனர்.

பாராளுமன்றம் விழித்தது. 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம் கொலைகாரரை அறுக்கும் தண்டனையை நீக்கிற்று. அவர்களுடைய இடத்தில் யாரை வைத்தது? வறியோர் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உரிமை கோருவாரற்றுப் போனவரை. சட்டத்தில் ‘ஏழை’ என்ற சொல்லை எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அடக்கம் செய்யப் பணமில்லாதவரின் உடலே உரிமை கோரப்படாத உடலாயிற்று. நேற்றுவரை கொலைக்குரியதாயிருந்த தண்டனை இன்று வறுமைக்குரியதாகிவிட்டதென்று வில்லியம் கொபெற் போன்றோர் சீறினர். சட்டத்துக்கு ஆதரவான ஜெரமி பெந்தம் அவ்வாண்டு ஜூனில் இறந்தபோது, தம் விருப்பப்படியே அறுக்கப்பட்டார் என்பதையும் சொல்லிவிடுதல் நியாயம். அவர் விரும்பினார், விடுதியிற் கிடந்தவனை விரும்புகிறாயா என்று எவரும் கேட்கவில்லை.

இங்கே இரு கிறிஸ்தவ நம்பிக்கைகள் எதிரெதிரே நிற்பதை நாம் காண்கின்றோம். கற்றோருக்கு உடல் தேவ ஞானம் எழுதப்பட்ட ஏடு. அதனைத் திறந்து வாசித்தல் பக்தியே. உழைப்பாளிக்கோ உடல் இறுதி நாளில் எழும்ப வேண்டியது. முழுமையாக மண்ணுக்குப் போகவேண்டியது. இரண்டாமவரின் அச்சத்தை இறையியலாளர் அறியாமை என்றனர். தேவனால் எலும்புகளை எங்கிருந்தும் கூட்ட முடியும் என்பது உண்மையானால், பிரபுக்கள் இரும்புக் கிராதியும் கனத்த ஈயப் பெட்டியும் வைத்துத் தம் சவங்களைக் காத்தது எதற்காக?

வடிவமைப்பு வாதம் உடலோடு நிற்கவுமில்லை. எலும்பு எலும்பின் இடத்தில் இருப்பது போல மனிதரும் தத்தம் இடத்தில் இருக்கட்டும் என்பதற்கு அது எளிதாக இடங்கொடுத்தது. பேலியே 1792இல், உழைப்பாளர் மனநிறைவு கொள்ளவேண்டிய காரணங்களை அடுக்கி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அவர் அடிமை முறையைக் கண்டித்தவர். 99 புறாக்கள் தானியம் பொறுக்கி ஒரே புறாவுக்காகக் குவிக்கும் உவமையால் சொத்துடைமையின் விந்தையைத் துணிந்து வரைந்தவர். எனினும் வரைந்த கையே அடுத்த பக்கங்களில் அச்சொத்துடைமைக்கு நியாயமும் எழுதிற்று. மறுபுறம், அதே வேதத்தைக் கையிலேந்திய ரிச்சர்ட் ஓஸ்ட்லரும் மைக்கேல் சட்லரும் ஆலைச் சிறுவருக்காகப் போராடினர். அறுந்த நூலை முடியச் சிறு விரல்கள் தேவைப்பட்டன. நெடுநேரம் நின்று முழங்கால் வளைந்த பிள்ளைகளைப் பற்றிய சாட்சியங்கள் 1832இல் சட்லரின் குழு முன் குவிந்தன. பெல்லின் நூல் வெளிவந்த அதே 1833இல், 9 வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவாலைகளிலிருந்து விலக்கி, 9 முதல் 13 வயதுவரை வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை என்று சட்டம் வரையறுத்தது. 48 மணி நேரம், அன்று ஒரு வெற்றி!

வறியவர் தம் உடலைக் காக்கத் தாமே ஒரு வழி கண்டனர். ஊரூராக அடக்கச் சங்கங்கள் பெருகின. வாரத்துக்கு ஒரு பென்னி செலுத்தினால், இறக்கும்போது பெட்டிக்கும் குழிக்கும் பணம் கிடைக்கும். உடலுக்கு உரிமை கோர ஆளிருக்கும். ஆலையிலே நூல் முடிந்த கைகள் கொண்டுவந்த கூலியிலிருந்தும் அந்தப் பென்னி எடுத்து வைக்கப்பட்டது.