குத்தியவனே கொடுத்த விருது

1881ஆம் வருடக் குளிர்காலம். சுவிட்சர்லாந்தில் தாவோஸ் என்கிற மலையூர். ஒரு வீட்டின் பரணில் மும்முரமாக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்கக்கூட இடம் போதாத பரண்.

ஒரு பக்கத்துத் தளபதி, ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். வயது 31. நுரையீரல் கோளாறு. மலைக்காற்றுக்காக வந்தவர், 'டிரஷர் ஐலண்ட்' நாவலை அந்த ஊரில்தான் எழுதி முடித்தார். எதிர்ப்பக்கம்? மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளை லாய்ட் ஆஸ்போர்ன். வயது 13.

தரையில் சாக்பீஸால் தேசப்படம். மலை, ஆறு, நகரம், சாலை எல்லாம் உண்டு. ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள். ஆனால் ஸ்டீவன்சனுக்கு ஆட்டம் மட்டும் போதவில்லை. 'கிளெண்டருல் டைம்ஸ்', 'யல்லோபல்லி ரெக்கார்ட்' என்று உலகத்திலேயே இல்லாத பத்திரிகைகளின் பேரில் போர்ச் செய்திகள் எழுத ஆரம்பித்துவிட்டார்.

யாருக்காக? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மொத்த வாசகர் எண்ணிக்கை ஒன்று. எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பையன். அவனுக்குத்தானே தெரியும், எந்தப் பாலத்துக்காக எத்தனை நேரம் மோதினார்கள் என்று! ஸ்டீவன்சன் இறந்து நாலு வருடம் கழித்து, 1898இல்தான் அந்தச் செய்திகளை ஆஸ்போர்ன் 'ஸ்கிரிப்னர்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார்.

அடுத்தவர் எச்.ஜி.வெல்ஸ். 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைச் சிப்பாய் யுத்தத்துக்கு ஒரு புத்தகமே போட்டார். விதிமுறைகளை எழுதியதோடு நிற்கவில்லை. தான் ஆடிய ஒரு சண்டையை, நீலப்படைத் தளபதியின் நினைவுக்குறிப்பு மாதிரி, ரிடையரான ஜெனரல்களின் தற்பெருமை சொட்டச் சொட்ட எழுதிவைத்தார். மறு வருடமே நிஜ யுத்தம் வந்துவிட்டது.

இதெல்லாம் தனி மனிதக் கிறுக்கு. கூட்டமாகக் கிறுக்குப் பிடித்தது அமெரிக்காவில்.

ஆலன் கால்ஹமர் என்பவர் 1954இல் ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். பெயர் டிப்ளமசி. 1959இல் சொந்தச் செலவில் 500 செட் போட்டார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாதான் பலகை. ஏழு வல்லரசுகள், ஏழு பேர். தாயக்கட்டை கிடையாது. அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. யாரும் யாருடனும் ரகசிய ஒப்பந்தம் போடலாம். போட்டதைக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டமில்லை. எல்லோரும் உத்தரவுகளை எழுதிக்கொடுத்து, ஒரே சமயத்தில் பிரித்துப் படிப்பார்கள். அப்போதுதான் தெரியும், முதுகில் குத்தியது யாரென்று.

சிக்கல் என்னவென்றால், ஏழு பேரை ஒரே மேஜையில் மணிக்கணக்காக உட்காரவைப்பது லேசான காரியமில்லை. ஜான் போர்ட்மன் என்கிற புரூக்ளின் இயற்பியல் பேராசிரியர் 1963இல் வழி கண்டுபிடித்தார். தபாலில் ஆடுவோம்! 'கிராஸ்டார்க்' என்று ஒரு சின்னப் பத்திரிகை ஆரம்பித்தார். காய் நகர்த்தல்கள் கடிதத்தில் வரும். முடிவுகள் பத்திரிகையில் வரும். முதல் ஆட்டத்துக்கு 1963ஏ என்று நம்பர். பின்னால் இந்த நம்பருக்கே போர்ட்மன் நம்பர் என்று பெயர் வந்தது. அவரைப் பார்த்து ஏகப்பட்ட சைக்ளோஸ்டைல் பத்திரிகைகள் முளைத்தன.

ஒரு தபால் போய் மறு தபால் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். சும்மா இருக்க முடியுமா? ஆட்டக்காரர்கள் தங்கள் தேசத்தின் பேரில் செய்தி எழுதி அனுப்பினார்கள். 'வியன்னா' என்று ஊர்ப்பெயர் போட்டு ஆஸ்திரியாக்காரர் ஓர் அறிக்கை விடுவார். துருக்கிக்காரர் அதற்கு மறுப்பு எழுதுவார். அடுத்தவன் ஊர்ப்பெயரைப் போட்டுப் புளுகுவதும் உண்டு. அதற்குக் கறுப்புச் செய்தி என்று பெயர். கடைசியில் பார்த்தால், ஏழு எதிரிகள் சேர்ந்து ஒரு தொடர்கதை எழுதியிருப்பார்கள்.

இதில் ஒரு பெரிய நியாயம் உண்டு. ஆட்டத்தில் ஜெயிப்பவர் ஒருவர்தான். ஆனால் ஒற்றைப் படையோடு மூலையில் முடங்கிக் கிடக்கிற ராஜாவும் நல்ல கதை எழுதலாம். தோற்றவனுக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

இந்தக் கூட்டம் தங்களுக்குள் விருதுகளும் வைத்துக்கொண்டது. ஆட்டத் திறமைக்கு ஒன்று. பொதுத் தொண்டுக்கு ஒன்று. எழுத்துக்கென்றே தனியாக ஒன்று. அதற்கு ராட் வாக்கர் பெயரை வைத்தார்கள். இந்த ஆட்டத்துக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதியவர் அவர்.

வெளியுலகில் இதற்கு என்ன மரியாதை? வேலைக்கான விண்ணப்பத்தில் எழுத முடியாது. எந்தப் பெரிய பத்திரிகையும் கண்டுகொள்ளாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால், வயசு என்னாச்சு என்பார். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நட்பு கொண்டாடிக் கடிதம் எழுதிவிட்டு மறு தபாலில் முதுகில் குத்துகிற ஆசாமிகள் இவர்கள். அந்த ஊரில் யார் பேச்சையும் நம்ப முடியாது. அப்படிப்பட்ட ஒருவர், 'உன் கதை பிரமாதம்' என்று சொன்னால், அதில் அவருக்கு ஒரு கோட்டையும் கிடைக்கப்போவதில்லை. அதனாலேயே அது நிஜம்.

கால்ஹமர் என்ன ஆனார்? அந்த ஆட்டம் அவரைக் கோடீஸ்வரர் ஆக்கவில்லை. இல்லினாய் மாநிலத்தில் லாகிராஞ்ச் பார்க் என்கிற சின்ன ஊரில் வேலை பார்த்தார். 2013இல் காலமானார்.

என்ன வேலை என்று சொல்லவில்லையே. தபால்காரர்!