கடனின்றிக் கரையிறங்கியோர்

ஏழை நாடுகளின் கடன் நீக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வாஷிங்டனிலோ பாரிசிலோ தொடங்குவர். நாம் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்குகிறோம். 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்னும் பெயரில் திறக்கப்பட்ட அத்துறையில் இறங்கிய தமிழர் பலருக்கு, இம்மண்ணில் ஒருநாள் உழைப்பதற்கு முன்பே கடன் இருந்தது. ஊரிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான வழிச்செலவு, கப்பற்கட்டணம், இடையில் உண்ட சோறு, வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வந்த முன்பணம் ஆகிய அனைத்தும் அவர்தம் பெயரில் எழுதப்பட்டிருந்தன. ஊர்க்கடனைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் கடற்கடனோடு வந்து சேர்ந்தனர்.

சஞ்சிக்கூலி என்று நம் முன்னோர் வழங்கிய ஒப்பந்த முறையில் இக்கடன் ஆண்டுக்கணக்கான உழைப்பால் தீர்க்கப்பட்டது. இடையில் வேலையை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். பின்னர் ஓங்கிய கங்காணி முறையில் சட்டத்தின் பிடி சற்றுத் தளர்ந்தது. உறவின் பிடி இறுகியது. கங்காணி ஊர்க்காரர், பல வேளைகளில் உறவினரும்கூட. அவரிடம் பட்ட கடனை மறுத்துவிட்டு ஊர் திரும்பி எவர் முகத்தில் விழிப்பது?

இக்கடனைத் துரைமார் ஏன் தள்ளுபடி செய்யவில்லை? கல்நெஞ்சம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் வரலாறு விளங்காது. ஒரு தோட்டத்தார் பணம் செலவிட்டு ஆட்களை வரவழைப்பார். அண்டைத் தோட்டத்தார் சில காசு கூடுதலாகத் தந்து அவர்களை இழுத்துக்கொள்வார். செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு. ஆகவே முதலிட்ட எவரும் தாமாகக் கடனை விடத் துணியவில்லை. ஒருவர் விட்டால் அவருக்கே நட்டம். எல்லாரும் ஒருங்கே விட்டால் எவருக்கும் பெருநட்டமில்லை. இந்த முடிச்சை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அதனை அவிழ்த்தது 1907ஆம் ஆண்டுச் சட்டம். அதன்வழி அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் பெற்றது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு முதலாளியும், தாம் ஆள் வரவழைத்தாலும் வரவழைக்காவிட்டாலும், வாங்கிய உழைப்பின் அளவுக்கேற்ப இந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். தோட்டங்கள் மட்டுமல்ல, இரயில்வே போன்ற அரசுத் துறைகளும் கட்டின. பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளில் வேர்விட்ட நம் சமூகத்துக்கும் இந்நிதியோடு தொடர்புண்டு. பயணச்செலவை நிதி ஏற்றது. அச்செலவு தொழிலாளியின் கணக்கில் ஏறாததால் அவர் கடனின்றிக் கரையிறங்கலாம். பிடிக்காவிடில் ஒருமாத முன்னறிவிப்போடு வேறிடம் செல்லலாம். அண்டைத் தோட்டத்தார் ஆளை இழுத்தாலும், அந்த ஆளுக்கான பங்கை அவரே நிதிக்குக் கட்டியாக வேண்டும். 1910இல் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன.

இதனை அருட்செயல் என்று நாம் போற்றவில்லை. இரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது; பால்மரங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கட்டணமில்லாப் பயணத்தால் ஆட்கள் பெருகினர். ஆட்கள் பெருகக் கூலி தாழ்ந்தே நின்றது. தோட்டக் கடையின் பற்றும் கள்ளுக்கடையும் புதிய கடனை வளர்த்தன. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது, வரவழைத்த அதே நிதியே பல்லாயிரவரைக் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஆயினும் கூலிக்கு வருபவன் தன் வருகைக்கான விலையைத் தானே கட்ட வேண்டியதில்லை என்ற கொள்கை சட்டத்தில் இடம்பெற்றதைச் சிறிதென்று சொல்ல நமக்கு மனமில்லை. இலங்கையிலோ, தொழிலாளர் கூட்டத்தின் கடனை எழுதிய ‘துண்டு’ச் சீட்டைக் கொண்டு ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்திடமிருந்து ஆட்களைப் பெறும் வழக்கம் 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

இனி உலகைப் பார்ப்போம். கடனாளி இங்கே ஆளல்லர், நாடு, முடிச்சு அதுவே. பல அரசுகளுக்கும் வங்கிகளுக்கும் கடன்பட்ட ஓர் ஏழை நாட்டுக்கு ஒருவர் மட்டும் கடனைக் குறைத்தால், மிஞ்சிய பணம் மற்றவர்களின் வட்டிக்குப் போய்விடும். 1996இல் உலக வங்கியும் அனைத்துலகப் பண நிதியமும் கடன்சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கென வகுத்த திட்டம், கடன் கொடுத்தோர் அனைவரையும் ஒருங்கே பங்கேற்கக் கோரியது. தம் கடனையும் அவ்விரு நிறுவனங்கள் முதன்முறையாகக் கணக்கில் சேர்த்தன. இத்திட்டத்தில் இடம்பெற்ற தான்சானியா 2001இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஆசிரியர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இத்திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தனியார் பங்கேற்பது அவரவர் விருப்பம். உருமேனியாவிடம் டிராக்டர் வாங்கியதற்காக ஜாம்பியா பட்ட பழைய கடனை, டோனிகல் என்னும் நிறுவனம் சுமார் 3 மில்லியன் டாலருக்கு 1999இல் வாங்கியது. பிறர் ஜாம்பியாவின் கடனை நீக்கிக்கொண்டிருக்க, இந்நிறுவனம் இலண்டனில் வழக்குத் தொடுத்து 50 மில்லியனுக்கும் மேல் கேட்டது. 2007இல் சுமார் 15 மில்லியன் டாலர் அதற்குத் தீர்ப்பாயிற்று. அண்டைத் தோட்டத்தாரை நாம் இங்கு மீண்டும் காண்கிறோம். 2010இல் பிரிட்டன் இத்தகைய வழக்குகளுக்கு வரம்பிடும் சட்டம் இயற்றியது.

கிள்ளானுக்குத் திரும்புவோம். நம் பள்ளத்தாக்கின் ஆலைகளுக்கு இன்று வரும் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் முகவருக்குக் கட்டிய பணத்துக்காக ஊரில் கடன்பட்டு வருவது வழக்கமாகியுள்ளது. மேருவில் ஆலைகள் கொண்ட டாப் கிளவ் கையுறை நிறுவனத்தின் பொருள்களை 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அதன்பின் அந்நிறுவனம் தொழிலாளர் கட்டிய முகவர்பணத்தை, 130 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேலாக, அவர்களிடமே திருப்பித் தந்தது; 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. இன்றும் அயல்நாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் முதலாளிகள் அரசுக்கு லெவி கட்டுகின்றனர். 1907இன் நிதியைப் போல அது வருபவரின் வழிச்செலவுக்குப் போவதில்லை. அரசின் வருவாயாகக் கருவூலத்தில் சேர்கிறது.