ராஜினாமா என்னும் சொல்லும் ரிழாவும்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் கப்பலூர்த் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தபின், அங்குள்ள ஆலையொன்றில் நெடுங்காலமாகப் பணியாற்றும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு தாளை நீட்டினார். அது ஒரு ராஜினாமாக் கடிதம். 'என் முழுச் சம்மதத்துடன்' என்ற சொற்கள் அதில் அச்சாகியிருந்தன. ஒப்பமிடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கடிதத்தை எழுதியவர் அவரல்லர். நிருவாகம் ஆயத்தம் செய்து கொடுத்தது. இதில் ஒப்பமிடலாமா என்று கேட்டார். அவருக்கு விடை தேடப் புகுந்த நாம், அச்சொல்லின் வரலாற்றுக்குள் நெடுந்தூரம் செல்ல நேர்ந்தது.

ராஜினாமா என்பது 'ராஸீ', 'நாமா' ஆகிய இரு சொற்களின் கூட்டு. 'நாமா' பார்சி, எழுதப்பட்ட ஏடு என்று பொருள். 'ராஸீ' அரபியின் 'ராழீ'. மனம் பொருந்தியவர் என்று பொருள். ஆகவே ராஜினாமா என்பது, 'எனக்கு மனப்பொருத்தமே' என்று ஒருவர் எழுதிக் கொடுக்கும் ஓலை. பதவி விலகல் என்ற பொருள் பிற்பட்டது. பழைய நீதிமன்றங்களில் வாதியும் பிரதிவாதியும் உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டதற்கான பத்திரமே ராஜினாமா. 'கேஸ் ராஜியாகிவிட்டது' என்று இன்றும் நம் மக்கள் சொல்வது அந்த வழக்கின் எச்சம். குடியானவர் தம் நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரத்திற்கும் இப்பெயர் வழங்கியது. நிலத்தை விட்டதைக் குறித்த சொல் உத்தியோகத்தை விடுவதற்கும் ஆகிவந்தது இயல்பே. விடுமுறையைக் குறிக்கும் 'ரஜா'வும் இதே வேரினது. மேலோரின் இசைவு என்பதே அதன் முதற்பொருள்.

இவ்வேர் தமிழகத்திற்கு இரு வழிகளில் வந்தது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் ஆட்சி மதுரைச் சீமையை எட்டியபோது, வசூல், ஜமாபந்தி, ஜாமீன், பைசல் முதலிய சொற்களோடு கச்சேரி வழியாக வந்தது ஒன்று. 1801இல் கருநாடகத்தைக் கைப்பற்றிய கம்பெனியாரும் அச்சொற்களை அப்படியே வைத்துக்கொண்டனர். மற்றது, அதற்கு மிக முன்னரே காயலிலும் கீழக்கரையிலும் அரபியரின் நாவிலிருந்து நேராகக் கேட்டது. 'ழாத்' என்னும் அரபி எழுத்தைப் பார்சியர் 'ஸ' என ஒலிக்க, தமிழ்க் கச்சேரி அதை 'ஜ' ஆக்கிற்று. கடற்கரை முஸ்லிம்களோ தம் மொழிக்கே உரிய ழகரத்தால் எழுதினர். காஜியும் காழியும், ரம்ஜானும் ரமழானும் போன்றே ராஜியும் ரழியும். நபித்தோழர் பெயரைக் கேட்டதும் 'ரழியல்லாஹு அன்ஹு' என்கிறோம். 'அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக' என்று தமிழாக்குகிறோம். அந்தப் பொருத்தமும் ராஜினாமாவில் உள்ள ராஜியும் ஒரே வேரில் கிளைத்தவை.

உர்தூவில் பதவி விலகலுக்கு 'இஸ்திஃபா' என்பர். 'அஃப்வு' என்ற வேரிலிருந்து, தம்மை விட்டுவிடக் கோருதல். இக்கால அரபியில் அது 'இஸ்திகாலா'. ஃபிக்ஹு நூல்களில் 'இகாலா' என்பது இரு தரப்பும் மனமொத்து உடன்படிக்கையை நீக்கிக்கொள்வது. ஆங்கிலச் சொல்லான 'ரெஸிக்னேஷன்' முத்திரையை நீக்குதல் என்ற லத்தீன் பொருளில் தோன்றி, விதிக்குத் தலைவணங்கிக் கிடத்தல் என்ற பொருளையும் ஏற்றது. மேலைநாட்டார் சிலர் நம் 'ரிழா'வை இவ்வாங்கிலச் சொல்லால் பெயர்த்து, முஸ்லிம்கள் முயற்சியற்றவர்கள் என்று முடிவு கட்டியதும் உண்டு. ஹிஜ்ரி 465இல் மறைந்த இமாம் குஷைரீ தம் 'ரிஸாலா'வில் ரிழாவைப் பற்றிய ஒரு கருத்துவேற்றுமையைப் பதிவுசெய்கிறார். குராஸானியர் அதனைத் தவக்குலின் முடிவில் அடியான் தன் முயற்சியால் எய்தும் 'மகாம்' என்றனர். இராக்கியர் அதனை இறைவன் உள்ளத்தில் இறக்கும் 'ஹால்' என்றனர். எவ்வாறாயினும் அது உள்ளத்தில் விளைவது. பிறர் அச்சடித்துக் கொடுப்பதன்று.

பொருளுக்கு ஏற்ற ராஜினாமாக்கள் வரலாற்றில் இல்லாமலில்லை. ஹிஜ்ரி 41இல் இமாம் ஹஸன் (ரலி) கிலாஃபத்தை விட்டுக்கொடுத்தார்கள். சமுதாயம் ஒன்றுபட்ட ஆண்டு என்று அதனைக் குறிப்பர். ஹிஜ்ரி 488இல் இமாம் கஸ்ஸாலீ பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையை விட்டு வெளியேறினார். கப்பலூரைக் கடக்கும் அதே சாலை தெற்கே விருதுநகரை அடைகிறது. அவ்வூரில் பிறந்த காமராசர் 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார்.

நம் சகோதரரின் தாளுக்கு வருவோம். வணிகத்திற்கு இருதரப்பு மனப்பொருத்தத்தைக் குர்ஆன் நிபந்தனையாக்குகிறது (4:29). அங்கு ஆளப்படும் 'தராழின்' என்ற சொல்லும் இவ்வேரினதே. நிர்ப்பந்தத்தில் செய்த விற்பனையை, நிர்ப்பந்தம் நீங்கியபின் உறுதிப்படுத்தவோ முறிக்கவோ அவருக்கு உரிமையுண்டு என்பது ஹனஃபீ மத்ஹபு. மணவிலக்கில் மட்டும் அவர்கள் வேறு கூறுவர். அது இங்கு வேண்டா. ஃபிக்ஹு நூல்கள் கொலை, அடி, சிறை ஆகிய அச்சுறுத்தல்களையே பெரிதும் பேசுகின்றன. பிள்ளைகளின் சோற்றைக் காட்டி மிரட்டுவதும் அதனுள் அடங்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் சம்மதத்தையும் கட்டற்ற சம்மதத்தையும் தனித்தனியே வரையறுக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ஆட்குறைப்புச் செய்தால் பணியாற்றிய ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் ஈடாகத் தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பும் அதனைத் தொடர்கிறது. தாமே விலகுபவருக்கு அது இல்லை. பணிக்கொடை கிடைக்கும்; ஈட்டுத்தொகை கிடைக்காது. 'முழுச் சம்மதத்துடன்' என்ற சொற்களின் விலை இது.

மனம் பொருந்தாமல் ஒப்பமிட வேண்டா என்றோம். அவர் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை தொழிலாளர் நல அலுவலகம் செல்வதாகக் கூறிப் புறப்பட்டார்.