விமானி உரிமமும் பிரிந்த எல்லைகளும்

விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் அதை ஓட்டும் விமானியிடம் இருக்க வேண்டும். அத்தகைய உரிமத்தை மற்ற உறுப்பு நாடுகளும் மதிக்க வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை வகுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. கப்பல் அதிகாரிகள் இந்த ஏற்பாட்டை முன்பே அறிவார்கள். குடியேற்ற நாடுகள் தரும் தகுதிச் சான்றுகளுக்குப் பிரிட்டனின் சான்றுக்கு நிகரான மதிப்பளிக்க 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் இடம் தந்திருந்தது.

இந்தியாவின் தொடக்கக்கால விமானி உரிமங்களை வழங்கியது 1927-இல் அமைந்த 'இந்திய - பர்மா ஏரோ கிளப்'. ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10 அன்று பெற்ற முதல் எண் உரிமம் அது கொடுத்ததுதான். அடுத்த ஆண்டில் மதராஸ் ஃபிளையிங் கிளப் தோன்றியது. அதன் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ மதராஸிலிருந்து பறந்து, 1935 நவம்பர் 27 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கினார். அந்த நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. இலங்கை தனிக் குடியேற்ற நாடாக இருந்தபோதும், இரு கரைகளுக்கும் மேலே இருந்தது ஒரே முடியாட்சி.

முதல் பிரிவு பர்மாவோடு நேர்ந்தது. மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி ரங்கூன் போன தொழிலாளர்களுக்கும் செட்டியார்களுக்கும் அது அதுவரை இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1 முதல் அது வேறு நாடு. ஆனாலும் 1934-ஆம் ஆண்டு இந்திய விமானச் சட்டம் அங்கே நீடித்தது. பிற்காலத்திலும் பர்மியச் சட்டத் தொகுப்பில் அது '1934-இன் 22-ஆம் இந்தியச் சட்டம்' என்றே குறிக்கப்பட்டது. 1947-இல் பாகிஸ்தானும் அதே சட்டத்தைக் கைக்கொண்டது. சட்ட வாசகம் ஒன்றாக இருந்தும், உரிமம் தரும் அதிகாரம் மூன்று தலைநகரங்களுக்குப் போய்விட்டது. உரிமத்தை நாடு தாண்டிச் செல்லுபடியாக்கும் வேலையைப் பொதுச் சட்டத்தால் செய்ய முடியவில்லை. அதற்கு உடன்படிக்கை வேண்டியிருந்தது.

அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது இப்பகுதியின் நல்வாய்ப்பு. 1944-இல் உருவான சிகாகோ உடன்படிக்கையை இந்தியா 1947 மார்ச்சில் ஏற்றது. அடுத்த மாதமே அது நடைமுறைக்கு வந்தது. பாகிஸ்தான் அவ்வாண்டு இறுதிக்குள்ளும், இலங்கையும் பர்மாவும் 1948-இலும் இணைந்தன. குறைந்தபட்சத் தகுதிகளை நிறைவு செய்யும் உரிமத்தை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும் என்பது அதன் 33-ஆம் பிரிவு. அத்தகுதிகளை வரையறுக்கும் முதல் இணைப்பு 1948-இல் வெளிவந்தது. இந்த இடைக்காலத்தில்தான், 1947 டிசம்பர் 10 அன்று, ஏர் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸ் வந்தது. இந்தியா விடுதலை பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. இலங்கைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஏற்புக்கு எல்லை உண்டு. 33-ஆம் பிரிவு ஒரு நாட்டு விமானம் மற்றொரு நாட்டுக்குப் பறந்து வருவதைக் காக்கிறது. அந்த நாட்டில் பதிவான விமானத்தை ஓட்டும் உரிமையை அது தருவதில்லை. தன் குடிமகன் வெளிநாட்டில் பெற்ற உரிமத்தைத் தன் வான்பரப்பில் ஏற்க மறுக்கவும் 32-ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்தியாவில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 45-ஆம் விதி, அயல்நாட்டு உரிமத்தைச் செல்லுபடியாக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்பும் தமிழ்நாட்டு இளைஞர்கள் வான் ஒழுங்குமுறை, வழிகாணல், வானிலை ஆகிய தேர்வுகளைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தில் எழுத வேண்டியிருப்பது இதனால்தான். பெரும் பணம் செலவிட்டு வந்தவர்களுக்கு இது கடினமான கட்டம்.

பர்மாவுக்கு நேர்ந்ததைப் போன்ற பிரிவு 2020 டிசம்பர் 31 அன்று ஐரோப்பாவில் நிகழ்ந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து வெளியேறியது. ஐரோப்பிய உரிமங்களைத் தன் விமானங்களுக்கு அது மேலும் இரண்டு ஆண்டுகள் ஏற்றது. ஒன்றியம் அச்சலுகையைத் திருப்பித் தரவில்லை. ஒன்றியத்தில் பதிவான விமானங்களைத் தொடர்ந்து ஓட்ட விரும்பிய பிரிட்டிஷ் உரிமக்காரர்கள், கெடுவுக்கு முன்பே தங்கள் கோப்புகளை வேறொரு உறுப்பு நாட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தவறவிட்டவர்கள் ஐரோப்பிய உரிமத்துக்குப் புதிதாகத் தேர்வெழுத வேண்டிய நிலை வந்தது.