அரிதாரம் மஞ்சள் கல்லே

அரிதாரம் என்றால் வேடப்பூச்சு என்று மட்டும் அறிந்தவர்கள் ‘அரி’யைத் திருமாலாக்கி, ‘தார’த்தைத் தரித்தலோடு சேர்த்து, கடவுள் வேடம் தரிப்பதே அரிதாரம் என்கிறார்கள். தொண்டை மண்டலம் பாரதக் கூத்துக்குப் பேர்போன நிலம். இங்கே இவ்விளக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். துரியோதனன் வேடத்துக்கும் அதே சொல்தான் என்பதே இதைத் தள்ளப் போதும்.

சிலம்பின் காட்சிக் காதையில் குன்றக் குறவர் செங்குட்டுவனுக்குக் கொண்டுவரும் பொருள்களுள் சிந்துரமும் அஞ்சனமும் அரிதாரமும் அடுத்தடுத்து வருகின்றன: சிவப்பு, கருப்பு, மஞ்சள். யானைக் கொம்பும் அகிலும் சந்தனமும் நிறைந்த அந்த வரிசையில் கையில் எடுத்துக் கொடுக்கத்தக்க பொருளுக்கே இடம் உண்டு, வேடத்துக்கு இல்லை. அப்பொருள் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். வடமொழியில் ஹரிதாலம், விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் வண்ணப்பொருள்களுள் அதையும் எண்ணுகிறது. ஹாரம் ஆரமானதுபோல் முதல் ஹகரம் தேய்ந்தது. லகரம் ரகரமானதற்குப் பந்தல்–பந்தர், சாம்பல்–சாம்பர் சான்று. அவை சொல்லிறுதியில் நிகழ்பவை என்று மறுப்போர் கன்னட யட்சகானத்தார் அதே மஞ்சளை ‘அரதள’ என்பதையும், சித்த மருத்துவர் தாளகம் என்பதையும் பார்க்கட்டும். மஞ்சள் கிழங்கைக் குறிக்கும் அரிசனமும் ‘ஹரித்ரா’ வழி வந்த உறவுச்சொல். கடையடைப்பைக் குறிக்கும் ஹர்த்தால் மட்டும் இக்குடும்பத்தில் சேராது. அது ‘ஹட்ட’ எனும் கடைக்குப் பூட்டுப் போட்ட சொல். ஒலி மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று: பொன்னிறம் சுட்டிய ‘சர்னீக்’ என்ற பாரசீகச் சொல்லைக் கிரேக்கர் ‘ஆண்மை’ குறிக்கும் தம் சொல்லோடு இசைத்து அர்செனிக்கோன் ஆக்கினார்கள். ஆர்சனிக் என்ற தனிமத்தின் பெயரே ஓவியரின் மஞ்சளில் பிறந்தது.

காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்களில் மஞ்சள் நிறம் மண்ணிலிருந்து வந்ததாயிற்றே, அரிதாரம் எப்படி ஓவியப் பொருளாகும் என்று கேட்கலாம். சுண்ணச் சுவர் வேறு, ஏடும் மரமும் தோலும் வேறு. ஈரச் சுண்ணத்துக்கு இந்தக் கந்தகக் கல் ஒத்துவராது. ஐரோப்பியச் சுவரோவியரும் இதை விலக்கியே வைத்தார்கள். வடநாட்டுக் காகிதச் சுவடிகளிலோ பிழையான எழுத்தை மறைக்க இதைத்தான் குழைத்துப் பூசினார்கள். கதகளியில் இதே கல்லுக்கு மனயோலை என்று பெயர். தேங்காய் எண்ணெயில் அரைத்து, நீலம் கலந்தால் நாயகனின் பச்சை முகம் எழும். கல்லின் பெயர் பொடிக்கும், பொடியின் பெயர் பூச்சுக்கும், பூச்சின் பெயர் வேடத்துக்கும் படிப்படியாக ஏறியிருக்கிறது. இன்று துத்தநாக வெள்ளையும் செயற்கைச் சாயமும் பூசிக்கொள்ளும் நடிகரும் ‘அரிதாரம் பூசினேன்’ என்றே சொல்கிறார். கல் போனபின்னும் பெயர் நிற்கிறது. திருமால் இச்சொல்லில் எங்கும் இல்லை. ‘ஹரி’ இங்கே நிறம், மஞ்சள் நிறம் மட்டுமே.