சிறு தொகைக்கும் நீதி உண்டு



மகளின் நிக்காஹுக்காகக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் முன்பணம் கொடுக்கிறோம். தவணை கடந்தும் பொருள் வருவதில்லை, பணமும் திரும்புவதில்லை. தனியாளாய்த் தொழில் செய்யும் அம்மனிதர் பெரும்பாலும் நம் மஹல்லாவுக்குத் தெரிந்தவராகவே இருப்பார். ஒன்று, "போகட்டும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். அல்லது தெருவில் நின்று சண்டையிடுகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அது நம் மார்க்கத்திலும் இருக்கிறது. நம் ஊரின் வரலாற்றிலும் இருக்கிறது.

மதீனாப் பள்ளிவாசலில் நடந்த ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள், தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. தம் இல்லத்திலிருந்து அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் வெளியே வந்து, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கஅப் அவர்களுக்குச் சைகை காட்டினார்கள். அவர்கள் உடனே இசைந்தார்கள். அடுத்து, எஞ்சியதைச் செலுத்துமாறு கடன்பட்டவரைப் பணித்தார்கள். கடனைக் கேட்டதற்காகக் கஅப் அவர்களை நபியவர்கள் கண்டிக்கவில்லை. உரிமையைக் கேட்பது குற்றமன்று, விட்டுக்கொடுப்பது நற்பண்பு, தரவேண்டியதைத் தருவது கடமை.

நம் சென்னையிலும் சிறு வழக்குகளுக்கு நெடிய வரலாறு உண்டு. கம்பெனி ஆட்சியின் தொடக்கக் காலத்தில் சில்லறை வழக்குகளைச் சாவடி நீதிமன்றம் விசாரித்தது. 1678இல் அது திருத்தியமைக்கப்பட்டு, 50 வராகன் வரையிலான வழக்குகளைக் கேட்டது. 1753ஆம் ஆண்டுச் சாசனம், 5 வராகனுக்கு மிகாத வழக்குகளுக்கெனத் தனி மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. பெரிய மன்றத்துக்குச் செல்லும் ஏழைக்கு, கேட்கும் தொகையைவிட வழக்குச் செலவே மிகுந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். 1850ஆம் ஆண்டுச் சட்டம் 500 ரூபாய் வரையிலான வழக்குகளுக்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தைத் தந்தது; 1882ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை 2,000 ரூபாயாக உயர்த்தியது. இராயபுரத்துக்கு அருகிலேயே, உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்நீதிமன்றம் இன்றும் இயங்குகிறது.

இவ்வழியில் அடுத்த பெரும்படி, 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். எதிர்த்தரப்பு பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை; தனியாளாய்க் கடை நடத்துபவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் ஆலோசனை பெறலாம்.

ஆயினும் எந்த மன்றமும் முதலில் கேட்பது ஆதாரத்தையே. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, தவணைக் கொடுக்கல் வாங்கலை, தொகை சிறிதாயினும், சலிப்பின்றி எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறது. நாமோ, "தெரிந்தவர்தானே" என்று ரசீதுகூடக் கேட்பதில்லை. ரசீது கேட்பது சந்தேகமன்று. இரு தரப்பாரின் மானத்தையும் காக்கும் ஏற்பாடு.

ஆகவே முதலில் எழுத்தில் கேட்போம். பிறகு ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் சமாதானம் தேடுவோம். அதுவும் பலிக்காவிடில் ஆணையத்தை நாடுவோம். அவர் உண்மையிலேயே நொடித்துப்போனவராயின், அல்பகரா 280ஆம் வசனம் கற்பிக்கும்படி அவகாசம் அளிப்போம். பேச்சுத் திறமையால் வென்றெடுத்த பிறர் உரிமை நெருப்புத் துண்டுக்கு ஒப்பானது என்ற நபிமொழியை இரு தரப்பாரும் அஞ்சுவோம்.

நம்மில் பலர் தனித்தொழில் செய்து பிழைப்பவர்கள். நாளை முன்பணம் வாங்கும் கை நம்முடையதாகவும் இருக்கலாம். அந்தக் கையைத் தூய்மையாக வைத்திருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.