சிட்டிலிங்கி லம்பாடித் தையல்

சிட்டிலிங்கி லம்பாடித் தையல் என்பது தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்களின் கைத்தையல் கலையாகும். வண்ணத் துண்டுத் துணிகளை வெட்டி வெறும் துணியின்மேல் வைத்துத் தைப்பதும், அவற்றைச் சுற்றி நூல்வேலை, கண்ணாடிச் சில்லு, சோழி ஆகியவற்றைச் சேர்ப்பதும் இதன் அடிப்படை. ஏறத்தாழ மறைந்துவிட்ட இக்கலை 2006ஆம் ஆண்டுக்குப் பின் மீட்கப்பட்டது.

லம்பாடிகளின் வருகை

லம்பாடிகள் பஞ்சாரர் என்றும் அழைக்கப்படுவர். இவர்களின் தாய்மொழி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தனி எழுத்து இல்லாதது. இராசத்தான் பகுதியிலிருந்து பொதி மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றித் தெற்கே வந்தவர்கள். முகலாயர் படைகளுக்கும் பின்னர் ஆங்கிலேயர் படைகளுக்கும் உணவுப்பொருள் கொண்டு சேர்த்தனர். மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிசின் படைக்குத் தானியம் கொடுத்தவர்களும் இவர்களே. அப்போரின் முடிவில், 1792இல், இன்றைய தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கும்பினியின் கைக்கு வந்தது.

தமிழகத்தில் 1856இல் ரயில் ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதைகள் பெருகப் பெருகப் பொதிமாட்டு வணிகம் நலிந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் நாட்டின் பல நாடோடிச் சமூகங்களைக் காவல்துறையின் கண்காணிப்பில் வைத்தது. வணிகம் இழந்த லம்பாடிகள் தாண்டா எனப்படும் குடியிருப்புகளில் தங்கி, உழவிலும் கூலிவேலையிலும் இறங்கினர்.

உடையும் தையலும்

லம்பாடிப் பெண்களின் மரபுடை மூன்று பகுதிகள் கொண்டது: பேட்டியா எனும் பாவாடை, காஞ்சளி எனும் முதுகு திறந்த மேற்சட்டை, துக்ரி எனும் தலைத்துணி. ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு ஒவ்வொரு துணியும் அரிது. கிழிந்த உடையின் நல்ல பகுதி வீணாவதில்லை. முக்கோணமாகவும் சதுரமாகவும் வெட்டப்பட்டு அடுத்த உடையில் இடம்பெறும். இவ்வாறு அடுக்கித் தைப்பதால் துணிக்கு வலிமையும் கூடுகிறது.

கீலன், வேலே, பக்யா, மாக்கி, ரேலோ, நாக்ரா என ஒவ்வொரு தையலுக்கும் லம்பாடி மொழியில் தனிப்பெயர் உண்டு. கண்ணாடிச் சில்லில் துளை கிடையாது. முதலில் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டிப் பிடிமானம் அமைப்பர். பிறகு அந்த நூல்களைப் பற்றிச் சுற்றிலும் தைத்து விளிம்பை மூடுவர்.

மறைவும் மீட்பும்

கண்ணாடியும் சோழியும் தைத்த பாவாடை கனமானது. செய்து முடிக்க நீண்ட காலம் பிடிக்கும். அதை உடுத்திய பெண் அயலார் என உடனே அடையாளம் காணப்படுவார். ஆலைத்துணிச் சேலை மலிவாகக் கிடைத்ததும் இளம்பெண்கள் மரபுடையைக் கைவிட்டனர். உடை போனதும் தையலும் போனது. சில மூதாட்டிகளின் நினைவில் மட்டுமே அது எஞ்சியது.

மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் சிட்டிலிங்கியில் பழங்குடி நல முயற்சி என்ற மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தனர். லலிதாவின் ஊக்கத்தில் 2006இல் 'போர்கை' உருவானது. லம்பாடி மொழியில் இச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள். மூதாட்டிகளிடமிருந்து இளையவர்கள் தையல்களைக் கற்றனர். பாவாடைக்கு உரியதாக இருந்த வேலைப்பாடு சட்டை, குர்தா, பை, தலையணை உறை ஆகியவற்றுக்கு மாறியது. பிழைப்புக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் செல்வது இப்பள்ளத்தாக்கில் வழக்கம். வீட்டிலிருந்தே தைத்துக் கூலி பெறும் வாய்ப்பு பெண்களுக்கு அதற்கு ஒரு மாற்றாக அமைந்தது.

டி-சர்ட்டில் ஒட்டுத்துணி

இம்முறையை வெறும் டி-சர்ட்டிலும் செய்யலாம். ஆனால் லம்பாடிகள் தைத்தது இழுபடாத நெசவுத் துணியில். டி-சர்ட் பின்னல் துணி, இழுபடக்கூடியது. எனவே சில கவனங்கள் தேவை.

- டி-சர்ட்டையும் துண்டுத் துணியையும் முதலில் துவைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையெனில் பின்னர் ஒன்று சுருங்கி மற்றொன்று சுருக்கம் விழும்.
- தைக்கும் இடத்தின் உட்புறம் மெல்லிய பருத்தித் துணி வைத்தால் இழுபடுவது குறையும்.
- துண்டின் விளிம்பைச் சுமார் அரை சென்டிமீட்டர் உள்மடித்து, நூலோட்டம் போட்டு நிறுத்தியபின் சிறு தையல்களால் பிடிக்க வேண்டும்.
- நூலை இறுக்கக் கூடாது. இறுக்கினால் துணி சுருங்கும்.

இன்றைய நிலை

லம்பாடிகள் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பழங்குடியினர் பட்டியலிலும், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர் பட்டியலிலும் உள்ளனர். தமிழ்நாட்டில் இவ்விரண்டிலும் இல்லை. கர்நாடகத்தின் சந்தூர் லம்பாணித் தையல் புவிசார் குறியீடு பெற்றது. 2023 சூலையில் அம்பியில் நடந்த ஜி-20 பண்பாட்டுக் கூட்டத்தையொட்டி, 450க்கும் மேற்பட்ட பெண்கள் செய்த 1,755 லம்பாணித் தையல் பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு கின்னஸ் சாதனையாகப் பதிவாயின். சிட்டிலிங்கியின் முயற்சி அளவில் சிறியது. எனினும், ஒரு தலைமுறை கைவிட்ட தையலை அடுத்த தலைமுறை பாட்டிகளிடமிருந்து திரும்பக் கற்றது என்ற வகையில் அது தருமபுரியின் கைவினை வரலாற்றில் இடம்பெறுகிறது.